பிரிஸ்பேனின் பழைய புறநகர் மரவீடு: அதன் மரபு மதிப்பைக் கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில் ஸ்பிரிங் ஹில், பெட்ரி டெரஸ், பாடிங்டன், ரெட் ஹில் முதலிய மேட்டுப் பகுதிகளில் நடப்பவர்கள், இரண்டு பெரிய கட்டடங்களுக்கு இடையே தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு மரவீடுகளைக் கண்டிருப்பார்கள். முன்னால் குறுகிய வராந்தா, நடுவில் ஒரு கதவு, இருபுறமும் ஒவ்வொரு ஜன்னல், மேலே நெளிதகரக் கூரை, கீழே தரையிலிருந்து வீட்டைத் தூக்கி நிறுத்தும் மரக்கால்கள். அவ்வளவுதான். பெரிய கட்டடக் கலைஞர் எவரும் அதை வரைந்திருக்கமாட்டார். ஊரறிந்த மனிதர் எவரும் அதில் வாழ்ந்திருக்கமாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் மரபு மதிப்பு என்று எதைச் சொல்வது என்ற கேள்வி, அதை வாங்குபவருக்கும் இடிக்க நினைப்பவருக்கும் காக்க விரும்புபவருக்கும் ஒருங்கே எழுகிறது.

இதற்கு எழுதப்படும் பல மதிப்புரைகள் “அழகிய”, “தனித்துவமான”, “அரிய” என்னும் பெயரடைகளை அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. என் கருத்தில், சிறு மரவீட்டின் மதிப்பு அதன் அழகைவிட அது சொல்லும் சாட்சியத்தில்தான் இருக்கிறது. மாளிகைகளைப் பற்றிக் கடிதங்களும் படங்களும் கட்டட வரைபடங்களும் கிடைக்கின்றன. கூலித் தொழிலாளியும் தச்சரும் கணவனை இழந்த பெண்ணும் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் அந்த வீடே மிஞ்சியிருக்கும் முதன்மை ஆவணம். ஆகவே பின்வரும் படிகள், வீட்டையும் காகிதத்தையும் அருகருகே வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கும் முறையில் அமைந்துள்ளன.

முதல் படி: எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவில் மரபிடங்களை மதிப்பிடுவோர் அனைவரும் அடிப்படையாகக் கொள்வது 1979-இல் ஏற்கப்பட்டு, கடைசியாக 2013-இல் திருத்தப்பட்ட பர்ரா சாசனம். அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் ஆகிய ஐந்து வகை மதிப்புகளை அது பேசுகிறது. அது ஏற்கப்பட்ட பர்ரா என்னும் ஊர் தெற்கு ஆஸ்திரேலியாவின் பழைய செம்புச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளர்கள் ஓடைக்கரையைக் குடைந்து அந்தக் குகைகளில் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். எளியவர் வீட்டை மதிப்பிடக் கற்றுக்கொடுக்கும் சாசனத்துக்கு அந்த ஊரின் பெயர் அமைந்தது பொருத்தமாகவே தோன்றுகிறது.

சட்டத்தின் வழியில் பார்த்தால், 1992-ஆம் ஆண்டின் குவீன்ஸ்லாந்து மரபுரிமைச் சட்டம் எட்டு அளவுகோல்களைத் தருகிறது. மாநில வரலாற்றின் வளர்ச்சியைக் காட்டுதல், அரிதான அல்லது அழிந்துவரும் ஒரு கூறைக் காட்டுதல், வரலாற்றை அறியத் தகவல் தரும் வாய்ப்பு, ஒரு வகை இடத்தின் முதன்மைப் பண்புகளைக் காட்டுதல், அழகியல் சிறப்பு, படைப்பு அல்லது தொழில்நுட்பச் சாதனை, ஒரு சமூகத்தோடு வலுவான பிணைப்பு, முக்கியமான மனிதர் அல்லது அமைப்போடு தனித் தொடர்பு. எட்டும் பொருந்த வேண்டிய தேவை இல்லை. ஒன்று உறுதியாக நிறுவப்பட்டாலே போதும். சிறு மரவீட்டுக்கு முதல், இரண்டாம், நான்காம் அளவுகோல்களே பெரும்பாலும் பொருந்தும். எட்டையும் வலிந்து பொருத்திக் காட்டும் அறிக்கை, உண்மையாகப் பொருந்தும் மூன்றின் வலுவையும் குறைத்துவிடும்.

இரண்டாம் படி: வீடு எழுந்த காலத்தை அறிந்துகொள்ளுங்கள்

துர்பல், யாகெரா மக்களின் நிலத்தில் 1825-இல் குற்றவாளிகளை அடைக்கும் குடியிருப்பாகத் தொடங்கிய பிரிஸ்பேன், 1842-இல் பொதுக் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. 1859-இல் குவீன்ஸ்லாந்து தனிக் காலனியானபோது அதன் தலைநகரானது. வில்லியம் பெட்டிகுரூ 1853-இலேயே நீராவியால் இயங்கும் மர அறுவை ஆலையை இங்கே தொடங்கிவிட்டார். சுற்றிலும் காடு, ஊருக்குள்ளேயே அறுவை ஆலை. செங்கல்லைவிட மரம் மலிவானது. 1864 டிசம்பரில் குவீன் தெருவின் பெரும்பகுதி தீக்கிரையான பிறகு நகர மையத்தில் மரக் கட்டடங்களுக்கு வரவேற்புக் குறைந்தது. புறநகரிலோ மரமே ஆட்சி செய்தது.

இந்த வரலாற்றில் நம் நோக்கத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஆண்டு 1885. அதற்கு முன் நிலத்தை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் துண்டு போட்டு விற்க முடிந்தது. ஸ்பிரிங் ஹில்லின் பள்ளத்துச் சந்துகளில் சில பெர்ச் அளவேயுள்ள மனைகளில் வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எழுந்தன. (ஒரு பெர்ச் என்பது ஏறத்தாழ 25.3 சதுர மீட்டர்.) அந்த ஆண்டில் இயற்றப்பட்ட, நிலத்தை அளவுமீறித் துண்டாடுவதைத் தடுக்கும் சட்டம், மனையின் குறைந்த அளவை 16 பெர்ச், அதாவது சுமார் 405 சதுர மீட்டர் என்று வரையறுத்தது, புதிய தெருக்களின் அகலத்தையும் 66 அடி என்று நிர்ணயித்தது. சிட்னியிலும் மெல்போர்னிலும் காணப்படும் ஒட்டுச்சுவர்த் தொடர்வீடுகள் பிரிஸ்பேனில் பரவாமல், ஒவ்வொரு குடும்பமும் தனி மனையில் தனி மரவீடு என்னும் வழக்கம் வேரூன்றியதற்கு இச்சட்டம் ஒரு வலுவான காரணம். ஆகவே மனை 16 பெர்ச்சைவிடச் சிறியதாக இருந்தால், அந்த அளவே ஒரு சான்று: அந்தத் துண்டு பெரும்பாலும் 1885-க்கு முற்பட்டது. வீட்டைத் தொடுவதற்கு முன்பே நில வரைபடம் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

1880-களில் ரயில் பாதைகள் விரிந்தன. 1885-இல் குதிரை டிராம் வந்தது. கட்டட நிதிச் சங்கங்கள் தவணைக்குக் கடன் கொடுத்தன. நகரம் மளமளவென்று வளர்ந்தது. 1890-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தது. 1893 பிப்ரவரியில் பெருவெள்ளம் விக்டோரியா பாலத்தையும் தாழ்வான பகுதிகளின் வீடுகளையும் அடித்துச் சென்றது. அதன்பின் சில ஆண்டுகள் கட்டுமானம் மந்தமானது. இந்த இடைவெளி காலக் கணிப்புக்கு உதவுகிறது: ஒரு வீடு இந்த மந்தத்துக்கு முன்னதா, பின்னதா என்று பிரித்தறிய முடிந்தாலே பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

மூன்றாம் படி: காகிதங்களைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று தேடிப் பழகியவர்களுக்கு இங்குள்ள முறை எளிதாகத் தோன்றும். 1861-ஆம் ஆண்டின் சட்டத்தால் குவீன்ஸ்லாந்து டாரன்ஸ் முறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி பத்திரங்களின் சங்கிலிக்குப் பதிலாக, அரசுப் பதிவேடே உரிமைக்கு ஆதாரம்; முன்பு அதற்கு அடையாளமாக உரிமைச் சான்றிதழ் தரப்பட்டது. பழைய சான்றிதழ்களின் நகலை மாநில நில உரிமைப் பதிவகத்தில் பெறலாம். நிலம் இந்த முறைக்குள் வந்த நாள் முதல் ஒவ்வொரு கைமாற்றமும் அவற்றில் இருக்கும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். நிலம் வாங்கிய ஆண்டை வீடு கட்டிய ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். நிலத்தை வாங்கி விலை ஏறும்வரை வெறுமனே போட்டுவைத்தவர்கள் அன்றும் உண்டு. சான்றிதழில் நீங்கள் தேட வேண்டியது அடமானப் பதிவு. நிலம் வாங்கிய சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ ஒரு கட்டட நிதிச் சங்கத்துக்கு அந்த நிலம் அடமானம் வைக்கப்பட்டிருந்தால், அந்தப் பணம் வீடு கட்டவே வாங்கப்பட்டது என்று ஊகிக்க நல்ல இடம் உண்டு. ஆனாலும் அது ஊகமே. மற்றொரு சான்று அதைத் தாங்க வேண்டும்.

அந்த இரண்டாவது சான்றை அஞ்சல் முகவரி நூல்கள் தரும். 1868 முதல் 1949 வரை வெளிவந்த குவீன்ஸ்லாந்து அஞ்சல் முகவரி நூல்கள் குடியிருந்தவரின் பெயரையும் பெரும்பாலும் தொழிலையும் குறிக்கின்றன. பெயர் நூலில் ஏறுவதற்கு ஓராண்டு தாமதமாகலாம். வீட்டு எண்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். 1925-இல் பல உள்ளாட்சிகள் இணைந்து பிரிஸ்பேன் பெருநகர மன்றம் உருவான பின் ஒரே பெயரில் இருந்த பல தெருக்களுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஆகவே எண்ணை நம்பாமல், அடுத்தடுத்த வீட்டாரின் பெயர் வரிசையையும் குறுக்குத் தெருக்களையும் வைத்து வீட்டை அடையாளம் காண வேண்டும்.

தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் கட்டணமின்றித் தேடலாம். வீட்டின் பெயரையோ குடியிருந்தவரின் பெயரையோ இட்டுத் தேடினால் பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகள், வாடகை விளம்பரங்கள், ஏல அறிவிப்புகள் கிடைக்கும். “நான்கு அறைகள், சமையலறை, தண்ணீர்த் தொட்டி” என்று ஒரு வாடகை விளம்பரம் சொல்லுமானால், அது அந்த ஆண்டில் வீட்டின் உள்ளமைப்பைப் பற்றிய வாக்குமூலம்.

வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை கழிவுநீர் வாரியத்தின் விரிவான அளவைப் படங்கள். 1910-களிலிருந்து வரையப்பட்ட இவற்றில் ஒவ்வொரு வீட்டின் வெளிக்கோடும் வராந்தாவும் பின்கட்டுக் கொட்டகையும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. புறநகர்களின் பெரும்பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தது, 1961 முதல் 1975 வரை மேயராக இருந்த கிளெம் ஜோன்ஸ் காலத்தில்தான். அதுவரை வீட்டின் பின்வேலியோரம் நின்ற கழிப்பறைக் கொட்டகையையும் அந்தப் படத்தில் காணலாம். அதையடுத்து 1946-இல் எடுக்கப்பட்ட வான்படங்களைப் பாருங்கள். ஒரு வீடு அந்த ஆண்டில் அங்கே இருந்ததா, கூரை எந்த வடிவில் இருந்தது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று இல்லை. மாநில நூலகத்தின் ஜான் ஆக்ஸ்லி நூலகத்தில் தெருப் படங்களும், மாநில ஆவணக் காப்பகத்தில் உயில்களும் கிடைக்கும். உயிலோடு சேர்ந்த சொத்துப் பட்டியல் சில வேளைகளில் எத்தனை கட்டில், எத்தனை நாற்காலி என்றுகூடச் சொல்லிவிடும்.

நான்காம் படி: வீட்டைப் படியுங்கள்

காகிதத்தை முடித்தபின் வீட்டுக்குப் போங்கள். டார்ச், அளவுநாடா, கேமரா, பழைய உடை ஆகியவை வேண்டும். வீட்டின் முகப்பைப் பார்ப்பதற்கு முன் அடியில் நுழையுங்கள், கூரைக்குள் ஏறுங்கள். பழுது பார்த்தவர்களும் அழகுபடுத்தியவர்களும் அதிகம் கைவைக்காத இடங்கள் இவையே.

அடியில் முதலில் கால்களைப் பாருங்கள். பழைய கால்கள் அயர்ன்பார்க் போன்ற வன்மரத்தால் ஆனவை. மண்ணில் நேரடியாக நடப்பட்டவை. ஒவ்வொன்றின் தலையிலும் கறையான் ஏறுவதைக் காட்டிக்கொடுக்கும் தகரத் தொப்பி ஒன்று இருக்கும். கான்கிரீட் அல்லது இரும்புக் கால்கள் இருந்தால் அவை மாற்றப்பட்டவை. அது குறையில்லை, மண்ணில் நிற்கும் மரம் என்றேனும் உளுத்தே தீரும். ஆனால் வீட்டின் உயரம் மாறியதா என்பது முக்கியம். இந்தச் சிறு வீடுகள் பல தரைக்கு அருகிலேயே நின்றவை. பிற்காலத்தில் கார் நிறுத்தவும் கீழே அறை கட்டவும் தூக்கப்பட்டிருக்கலாம்.

மற்றொரு சிக்கல், வீடே இடம்பெயர்ந்ததாக இருக்கலாம். குவீன்ஸ்லாந்தில் மரவீட்டை இரண்டாக அறுத்து வண்டியில் ஏற்றி வேறு மனைக்குக் கொண்டுபோவது இன்றும் வழக்கம். தரைப் பலகைகள் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டு மீண்டும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா, 1910-களின் படத்தில் இதே வெளிக்கோடு இதே மனையில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால், வீட்டின் வயதும் மனையின் வரலாறும் இருவேறு கதைகள்.

அடுத்தது அறுவைத் தடம். உத்திரங்களின் மறைவான பக்கத்தில் நேர்கோடுகளாக மேலும் கீழும் ஓடும் தடம் இருந்தால் அது குழி அறுவையாகவோ (குழியின்மேல் மரத்தை வைத்து இருவர் கையால் அறுப்பது) நேர்வாள் அறுவையாகவோ இருக்கும். வில்லைப்போல் வளைந்த தடம் வட்டவாளுடையது. சதுர வெட்டுடைய தட்டை ஆணி பழையது. உருண்டையான கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஓர் ஆணியை வைத்து முடிவு கட்டாதீர்கள்: தச்சர்கள் பழைய மரத்தையும் பழைய ஆணியையும் மீண்டும் பயன்படுத்தத் தயங்கியதில்லை. அசையாத, மூலச் சட்டகத்தோடு சேர்ந்த ஆணிகளையே கணக்கில் எடுங்கள்.

சுவர்களுக்கு வாருங்கள். குவீன்ஸ்லாந்து மரவீட்டின் தனிச்சிறப்பு ஒற்றைப் பலகைச் சுவர். மரச் சட்டகத்தின் உட்பக்கத்தில் மட்டும் பலகை அடித்து, வெளிப்பக்கத்தில் சட்டகத்தை அப்படியே தெரியவிடுவார்கள். வராந்தாவின் நிழல் மழையைத் தடுப்பதால் அங்கே இரண்டாவது பலகை தேவையில்லை; குறுக்கே சாய்ந்து செல்லும் தாங்குசட்டமே அலங்காரமாகிவிடுகிறது. மழையில் நனையும் பக்கச் சுவர்களில் மட்டும் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்ட சேம்ஃபர் பலகையைப் படுக்கைவாட்டில் அடிப்பார்கள். உட்சுவர்ப் பலகைகள் பெரும்பாலும் ஹூப் பைன் மரம். ஒரு பலகையின் விளிம்பு நாக்கு அடுத்ததன் காடியில் புகும். இணைப்பில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தால் அதை உள்ளூர்க்காரர்கள் வீ-ஜே என்பார்கள். பழைய பலகைகள் அகலமானவை, பிந்தியவை குறுகியவை என்பது பொதுவாகப் பொருந்தும். ஹூப் பைனையும் அதன் இனமான பன்யா பைனையும் குறிவைத்துத் தின்னும் குவீன்ஸ்லாந்து பைன் வண்டின் சிறு துளைகளைக் கண்டால் பூச்சி வல்லுநரை அழையுங்கள். மர வகையை உறுதிசெய்ய அந்த வண்டும் ஒரு வகையில் உதவுகிறது.

கூரைக்குள் ஏறினால், தகரத்தின் கீழே நெருக்கமாக அடித்த மெல்லிய சட்டங்களோ பழைய மரச் சில்லுகளோ கிடைக்கலாம். முதலில் மர ஓடு வேய்ந்து, பின்னர் அதன்மேல் தகரம் போட்டதற்கு அது அடையாளம்; கூரை செங்குத்தாக இருந்தால் இந்த ஐயம் இன்னும் வலுக்கும். தகரத்தின் அடிப்புறத்தில் உற்பத்தியாளர் முத்திரையைத் தேடுங்கள். பிரிட்டனிலிருந்து தகரம் இறக்குமதி செய்த லைசாட் நிறுவனம் 1921-இல் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் ஆலையைத் தொடங்கியது; ஆஸ்திரேலியத் தயாரிப்பு என்று முத்திரையிட்ட லைசாட் தகடு அதற்குமுன் ஏறியிருக்க முடியாது. கூரை வடிவமும் பேசும்: இருபுறம் சரியும் எளிய கூரையும் பின்னால் தாழ்ந்து செல்லும் சாய்ப்பும் முந்திய வடிவம், நாற்புறமும் சரிந்து கூம்பும் பிரமிடுக் கூரை 1880-களிலும் பின்னரும் பெருகியது.

கடைசியில் முகப்பு. வராந்தாவின் கைப்பிடி மரமா வார்ப்பிரும்பா, தூண்களில் மூலத் தச்சுவேலை மிஞ்சியிருக்கிறதா, கதவுக்கு மேல் காற்று செல்லும் துளைப்பலகை உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். வராந்தா என்ற சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அதன்வழி ஆஸ்திரேலியாவை அடைந்தது. நம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. வண்ண அடுக்குகளை அறியச் சுரண்டிப் பார்க்கும் ஆசை எழும். அதைத் தகுந்த பாதுகாப்பின்றிச் செய்யக்கூடாது. பிரிஸ்பேன் குழந்தைகளின் ஈய நச்சுக்கு வராந்தாக் கைப்பிடிகளில் உதிரும் பெயின்டே காரணம் என்று 1904-இல் உலகுக்குச் சொன்னவர் இந்நகரின் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன். 1922-இல் குவீன்ஸ்லாந்து அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. நீங்கள் ஆராயும் கைப்பிடியில் அந்த அடுக்குகள் இன்னும் இருக்கக்கூடும். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பின்கட்டில் அடிக்கப்பட்ட ஃபைப்ரோ என்னும் நாரிழைச் சிமென்ட் தகடுகளில் கல்நார் இருக்கலாம். அவற்றை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

ஐந்தாம் படி: மாற்றங்களை வகைப்படுத்துங்கள்

மாறாத பழைய வீடு கிடைப்பது அரிது. வீட்டின் தரைப்படத்தை வரைந்து, மூலப் பகுதி, பழைய சேர்க்கை, அண்மை மாற்றம் என்று மூன்று நிறங்களால் குறியுங்கள். பின்கட்டில் தனியே நின்ற சமையலறையை வீட்டோடு இணைத்தது, முன்வராந்தாவை அடைத்து ஓர் அறை ஆக்கியது, இரண்டு அறைகளுக்கு இடையேயிருந்த சுவரை அகற்றியது ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டும். அடைக்கப்பட்ட வராந்தாவைப் பார்த்ததும் “சேதம்” என்று எழுதிவிடுவது அவசரம். வீட்டுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் ஒரு குடும்பம் கூடுதல் ஆளுக்கு இடம் கண்ட கதையை அது சொல்லலாம். மேலும் பெரும்பாலான அடைப்புகளின் பின்னால் மூலச் சுவரும் தூண்களும் அப்படியே இருக்கும். நடுச்சுவர் அகற்றப்பட்டதோ மீளாத இழப்பு, ஏனெனில் நான்கு சிறு அறைகள் என்னும் அமைப்புத்தான் இந்த வீட்டின் முதன்மைப் பண்பு.

பழையது போலத் தோன்றும் புதியதிடம் எச்சரிக்கையாக இருங்கள். கடையில் வாங்கிப் பொருத்திய வளைவுத் துளைப்பலகைகள், எளிய தொழிலாளியின் வீட்டைச் செல்வரின் வீடுபோல் காட்டிவிடும். என்னைக் கேட்டால், நேர்மையாகப் புதிதாகத் தெரியும் ஓர் அலுமினிய ஜன்னல் அதைவிடத் தீங்கு குறைந்தது.

ஆறாம் படி: அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்

“அரிது” என்று எழுத வேண்டுமானால் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதே பகுதியில் அதே காலத்து, அதே வடிவிலான வீடுகள் எத்தனை மிஞ்சியுள்ளன, அவற்றுள் எத்தனை இதைவிட முழுமையாக உள்ளன என்று தெருத்தெருவாக நடந்து பட்டியலிடுங்கள். பிரிஸ்பேன் நகர மன்றத்தின் உள்ளூர் மரபிடப் பதிவேட்டையும் மாநிலப் பதிவேட்டையும் இணையத்தில் பார்க்கலாம். அவற்றிலுள்ள ஒத்த வீடுகளின் மதிப்புரைகள் ஒப்பீட்டுக்கு உதவும். மிஞ்சியவற்றின் பட்டியல் முழு வரலாறு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: 1893, 1974, 2011, 2022 வெள்ளங்கள் தாழ்வான இடங்களை எடுத்துக்கொண்டன, ஸ்பிரிங் ஹில்லின் பல சந்துகளை அலுவலகங்களும் வாகன நிறுத்தங்களும் விழுங்கின. அப்படியான பள்ளத்தில் நின்ற ஏழை வீடு ஒன்று மிஞ்சியிருந்தால், அதன் எடை மேட்டிலுள்ள பத்து வீடுகளைவிட அதிகமாகலாம்.

ஏழாம் படி: மதிப்புரையை எழுதுங்கள்

மதிப்புரை நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சான்றின்மேல் நிற்க வேண்டும். அந்தச் சான்று அறிக்கையின் வேறு பக்கத்தில் இருக்க வேண்டும். கற்பனையான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: ஸ்பிரிங் ஹில்லில் 6 பெர்ச் மனையில் நிற்கும் நான்கு அறை வீடு, 1879-இல் ஒரு தச்சர் நிலத்தை வாங்கி அடுத்த ஆண்டு அடமானம் வைத்தார், 1881 முகவரி நூலில் அவர் பெயர் உள்ளது. அதற்கான மதிப்புரை இப்படி அமையலாம்:

“1880-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இம்மரவீடு, 1885-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் உள்நகர்ப் புறநகரில் தொழிலாளர் குடும்பங்கள் மிகச் சிறிய மனைகளில் வாழ்ந்த முறையைக் காட்டுகிறது. அக்காலத்து மனை அளவும் கட்டடமும் ஒருசேர எஞ்சியிருப்பது இப்பகுதியில் இன்று அரிதாகிவிட்டது. நான்கறை அமைப்பு, வராந்தாவின் கீழ் வெளித்தெரியும் சட்டகம், ஒற்றைப் பலகைச் சுவர், மர ஓட்டின் தடம் தாங்கிய செங்குத்துக் கூரை ஆகியவற்றால் இது 19-ஆம் நூற்றாண்டின் எளிய புறநகர் மரவீட்டின் முதன்மைப் பண்புகளைத் தெளிவாகக் காட்டுகிறது.”

மூன்று வாக்கியங்கள், மூன்று அளவுகோல்கள். தச்சரின் பெயர் இதில் இல்லை. அவர் இருந்தது வீட்டின் வரலாற்றுப் பகுதிக்கு உரியது. அவர் ஊரின் முக்கிய மனிதராக இருந்தாலொழிய எட்டாம் அளவுகோலை இழுக்காதீர்கள். “அழகிய” என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எட்டாம் படி: எந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று முடிவுசெய்யுங்கள்

குவீன்ஸ்லாந்தில் மரபுச் சட்டம் தாமதமாகவே வந்தது. 1979 ஏப்ரலில் பெல்வியூ ஹோட்டலும் 1982 நவம்பரில் கிளவுட்லேண்ட் நடன அரங்கும் விடியுமுன் இடிக்கப்பட்டபோது மக்கள் கொதித்தனர்; ஆனால் 1990-இல் இடைக்காலச் சட்டமும் 1992-இல் முழுச் சட்டமும் வரும்வரை மாநிலத்துக்கென்று பதிவேடு இல்லை.

இன்று மூன்று நிலைகள் உண்டு. மாநிலப் பதிவேட்டுக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். குவீன்ஸ்லாந்து மரபுரிமை மன்றம் முடிவெடுக்கும். ஒரு தெருவுக்கு மட்டும் முக்கியமான வீடு அந்த நிலையைப் பெரும்பாலும் எட்டாது. நகர மன்றத்தின் உள்ளூர் மரபிடப் பட்டியல் இரண்டாவது. சிறு மரவீடுகளுக்கு இயல்பான இடம் இதுவே. மூன்றாவது, பிரிஸ்பேன் நகரத் திட்டம் 2014-இன் மேலடுக்கு விதிகள்: 1946-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டப்பட்டு, பாரம்பரியத் தோற்றப் பகுதியில் இருக்கும் வீடுகளை அனுமதியின்றி இடிக்க முடியாது, 1911-க்கு முற்பட்டவற்றுக்கெனத் தனி விதியும் உண்டு. ஆனால் தோற்ற விதி தெருவின் முகத்தைக் காப்பதற்கானது. அதன் கீழ் உள்ளறைகளையும் பின்கட்டையும் பெருமளவு மாற்றிவிட முடியும். உங்கள் மதிப்புரை நான்கறை அமைப்பையும் ஒற்றைப் பலகைச் சுவரையும் நம்பியிருந்தால், தோற்ற விதி மட்டும் போதாது.

ஒன்பதாம் படி: மதிப்புக்கேற்பப் பராமரியுங்கள்

தேவையான அளவு செய், இயன்ற அளவு குறைவாகச் செய் என்பது பர்ரா சாசனத்தின் நெறி. உளுத்த பலகையின் நுனியை வெட்டி ஒட்டுப்போட முடியுமானால் முழுப் பலகையை மாற்ற வேண்டியதில்லை. வீட்டின் அடியில் காற்றோட்டம் தடைபடாமல், மண் குவியாமல், தகரத் தொப்பிகளைக் கண்ணால் பார்க்க முடியும்படி வைத்திருங்கள். கூரைக்குத் துத்தநாக–அலுமினியப் பூச்சுத் தகடு போட்டால் அதனோடு ஈயத் தகட்டையோ செம்பையோ சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தகடு அரிக்கும். ஒற்றைப் பலகைச் சுவரின் வெளிச்சட்டகத்தை மூடி வெப்பக்காப்பு அடிக்கும் யோசனையைச் சொல்பவர்கள் வருவார்கள். முதலில் கூரையின் உட்புறத்தில் அதைச் செய்யச் சொல்லுங்கள், வெப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் இறங்குகிறது.

எடுத்த படங்கள், வரைந்த தரைப்படம், உரிமைச் சான்றிதழ் நகல்கள், மதிப்புரை ஆகியவற்றின் ஒரு படியை ஜான் ஆக்ஸ்லி நூலகத்துக்கு வழங்க முன்வாருங்கள். மற்றொன்றை வீட்டோடு விட்டுச்செல்லுங்கள். அகற்ற நேர்ந்த மூலப் பலகை, ஆணி, தகரத் துண்டு ஆகியவற்றுள் ஒவ்வொரு வகையிலும் ஒன்றையேனும் எறியாமல் காக்க வேண்டும் என்பதும் சாசனத்தின் வழியே. பலகையின் பின்புறத்தில் எந்தச் சுவர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி, ஈரம் படாமல் கூரைக்குள் வையுங்கள். எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். முதல் தச்சர் போட்ட அளவுக் கணக்கு அங்கே ஏற்கெனவே பென்சிலில் இருக்கக்கூடும்.